கரமனைக்கு நாற்பது ரூபாய்

தாணுமாலையன் தன் பஸ்ஸில் ஏறிய யாரிடமும் "எங்கே போகணும்?" என்று கேட்டதே இல்லை. கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். முப்பத்தைந்து வருஷமாகத் திருவனந்தபுரத்துத் தனியார் பஸ்களில் கண்டக்டராக இருக்கிறவருக்கு, படியில் கால் வைக்கிற விதத்திலேயே ஆள் எங்கே இறங்குவார் என்பது தெரிந்துவிடும். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினால் மெடிக்கல் காலேஜ். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினால் சாலைக் கடைத்தெரு. சீட்டு கைக்கு வந்த பிறகுதான் ஜனங்கள் வாயைத் திறப்பார்கள். அதுவும், "எப்படி அண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்பதற்காக.

அவர் பிறந்தது கரமனையில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில். அப்பா சுசீந்திரம் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர். ஊர்க் கோயில் சாமியின் பெயரை மகனுக்கு வைத்தார். மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். செண்பகவல்லி.

அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. அந்நாளில் கரமனையிலிருந்து கடைத்தெருவுக்கு முப்பது பைசா. இரண்டு பேருக்குக் கொடுக்க அம்மாவிடம் இருக்காது, ஒருவருக்குத்தான் கொடுப்பாள். ஒரு நாள் அண்ணன் தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் போவான், தங்கை நடப்பாள். மறுநாள் தங்கைக்குப் பஸ், அண்ணனுக்கு நடை. பஸ்ஸில் போனவர் முன்னால் போய்விடக் கூடாது, நடந்து வருகிறவருக்காகக் கிள்ளிப்பாலம் வளைவில் காத்திருக்க வேண்டும் என்பது அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். வெயிலில் முகம் சிவந்து ஓடிவரும் தங்கையைப் பார்த்தால் தாணுவுக்குத் தாங்காது. "இனி நித்தமும் நீயே ஏறிக்கோ பிள்ளே" என்பான். அவள் விடமாட்டாள். "ஆங், அப்புறம் நீ நடந்து கால் தேஞ்சு கட்டையாயிட்டா, எனக்கு எவன் மாப்பிள்ள பாப்பான்?"

தாணு முதன்முதலாகத் தோல்பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதிய அன்று அவள் போய் ஏறினாள். மூடிய கையை நீட்டினாள். திறந்தால் சரியான சில்லறை. அவன் வாங்க மறுத்தான்.

"அண்ணன் பஸ்ஸுல ஓசியில வந்தாண்ணு நாளைக்கு ஒருத்தி என்னப் பேசப்படாது. கிழி சீட்ட!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அதட்டினாள். அண்ணன் கிழித்தான். பஸ் சிரித்தது.

அன்று தொடங்கியதுதான் அந்த வழக்கம். இருபத்திரண்டு வயதில் அவளை வள்ளியூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போனவள் வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மாதம் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வருவாள். கொரோனாக் காலம் போக ஒரு வருஷம் தவறவில்லை. தம்பானூரில் ரயிலிறங்கி, எத்தனை பஸ் வந்தாலும் ஏறாமல், அண்ணன் நிற்கிற பஸ் வரும்வரை வெயிலில் நிற்பாள். ஏறியதும் மூடிய கையை நீட்டுவாள். எங்கே என்று அவளும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. அந்தக் கைக்குள் இருந்த காசு ஒரு ரூபாயானது, மூன்றானது, ஐந்தானது, எட்டும் பத்தும் ஆனது. கைதான் மெல்ல மெல்லச் சுருங்கியது. வளையல் கண்ணாடியிலிருந்து பித்தளைக்கு வந்தது. புருஷன் போன பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் கை நீண்டது. வருஷம் முழுக்க எத்தனையோ ஆயிரம் கைகளிலிருந்து காசு வாங்கினாலும், தாணுமாலையனுக்கு மனசு நிறைந்தது அந்த ஒரு கையில்தான்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மெடிக்கல் காலேஜிலிருந்து தம்பானூர் வழியாகக் கரமனைக்கு ஓடும் சின்ன மின்சார பஸ்களை 'ஆனந்தவல்லி' என்ற கம்பெனி எடுத்து நடத்தியது. தாணுமாலையன் அதில் சேர்ந்திருந்தார். ஓணம் கழிந்ததும் கம்பெனி பத்து ரூபாயைப் பதினைந்தாக்கப் போகிறது என்று பேச்சு வந்தது. கரமனை வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். பயணிகள் சங்கத் தலைவர் அக்ரஹாரத்து வெங்கடகிருஷ்ணன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி சார்பில் இளம் மேனேஜர் பிரஜின்.

"சார்ஜ் கூட்டாம பற்றில்ல சார், நடத்த முடியாது. பேட்டரி வில அறியாமோ?" என்றான் பிரஜின்.

"அஞ்சு ரூபா, போக வர பத்து, மாசத்துக்கு முன்னூறு. பென்ஷன்காரன் வயத்துல அடிக்கிறேளே!" என்று வெங்கடகிருஷ்ணன் எழுந்தார். கூட்டம் இரைந்தது.

பின்வரிசையில் நின்றிருந்த தாணுமாலையன் கை தூக்கினார். தன் பஸ்ஸின் ஜனங்கள் கலங்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா சார்? நித்தம் ஏறுகிறது இவங்க. இவங்க இல்லேண்ணா வண்டியே இல்ல. எப்பவாவது வாற ஆளுக்கு முப்பது நாப்பது ஒரு காசா? கோவளம் பாக்க வாறான், பொன்முடி பாக்க வாறான், ஒரு சாயாவுக்கு அம்பது குடுக்கான். ஊர்க்காரங்களுக்கு ஒரு கார்டு குடுப்போம்; அவங்களுக்குப் பழைய பத்து ரூபாதான். கார்டு இல்லாத ஆளு நாப்பது ரூபாய்க்கு ஒரு நாள் பாஸ் எடுக்கட்டும். அதுல கம்பெனிக்கும் ஆச்சு."

கைதட்டல் எழுந்தது. பிரஜின் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான். "தாணு ஓய், நீர் மந்திரியா இருக்க வேண்டியவர்!" என்று வெங்கடகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் "அண்ணா, நன்றி உண்டு கேட்டோ" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவி அஜிதாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரித்துப்போனார்.

சரி, உள்ளூர் விலாசம் உள்ள ஆதார் காட்டினால் கார்டு. கார்டு இல்லாதவருக்கு ஒரே ஸ்டாப் என்றாலும் நாற்பது. சட்டம் ஓடத் தொடங்கியது. கோவளம் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை. அவர்கள் காரில் போனார்கள். ஏறியது வேறு ஆட்கள். தென்காசியிலிருந்து மனைவியின் கழுத்துக் கட்டியைக் காட்ட வந்த ஒருவர், இரண்டு பேருக்கு எண்பது என்றதும் எக்ஸ்ரே உறையால் முகத்தை மறைத்துக்கொண்டு மனைவியிடம் என்னவோ கேட்டார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தாணுமாலையன் சீட்டு மெஷினைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாதிரி நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலையில் பத்து ரூபாய்க் கூட்டம் "அண்ணா, அண்ணா" என்று ஏறும்போது சரியாகிவிடும்.

தங்கை கார்டு இல்லாத ஆள் என்பது அவர் புத்தியில் ஒரு தடவைகூட உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை. செண்பகம் கரமனைக்காரி அல்லவா?

மாசி மாதம் வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள். தெருவோரங்களில் பெண்கள் அடுப்புக்கு இடம் பிடிக்க, நகரமே செங்கல்லும் மண்பானையுமாகக் கிடந்தது. தம்பானூரில் பஸ் நின்றதும், ஒரு கையில் பானை, இன்னொரு கையில் அடுப்பெரிக்கத் தென்னங்கொதும்புக் கட்டு, பின்னால் மூன்று பெண்களோடு செண்பகவல்லி ஏறினாள்.

"ஏ வாங்கட்டி, ஏறுங்க! இதான் எங்க அண்ணன் வண்டி. நம்ம வீட்டு வண்டி மாதிரி நெனச்சுக்கிடுங்க!" ஐம்பத்துநாலு வயதுக் குரலில் அப்படி ஒரு அதிகாரம். முன்னால் உட்கார்ந்திருந்த வெங்கடகிருஷ்ணன்கூடச் சிரித்தார். "யாரு, கரமனைப் பொண்ணா? வா வா, அடுப்பு இடம் காலியாத்தான் இருக்கு."

அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு மூடிய கையை நீட்டினாள். திறந்தாள். நான்கு பத்து ரூபாய்த் தாள்கள், நாலாக மடித்து.

தாணுமாலையனின் கை நடுவழியில் நின்றுவிட்டது.

"என்னண்ணே, எடுத்துக்கிடுங்க. நாலு பேருக்கும் சேத்து."

"செண்பகம்... கார்டு இல்லேண்ணா..." அவர் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார். "கார்டு இல்லேண்ணா ஒரு ஆளுக்கு நாப்பது பிள்ளே."

"எது? கரமனைக்கா?"

"ஊர்க்காரங்களுக்குத்தான் பத்து. வெளியே இருந்து வாறவங்களுக்கு நாப்பது."

"நான் வெளியே இருந்தா வாறேன்?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற குழந்தைபோலக் கேட்டாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கூட வந்தவர்களில் ஒருத்தி, "பத்து ரூபான்னுதானே சொன்ன செண்பகம்?" என்று முணுமுணுத்தாள். பின்னாலிருந்து ஸ்ரீலட்சுமி என்ற ஆபீஸ்காரப் பெண் தன் கார்டை நீட்டினாள். "அண்ணா, சேச்சிக்கு என் கார்டைத் தட்டுங்கோ."

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கள்ளச் சீட்டுக் கொடுத்திராத கை அது. "ஒரு கார்டுக்கு ஒரு ஆளுதான் மோளே" என்றார்.

"நான் போடுறேன் பிள்ளே, என் காசு..." என்று தன் சட்டைப் பையைத் தொட்டார். அவள் பார்த்த பார்வையில் கை கீழே இறங்கியது. இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். நூற்றறுபது ரூபாயை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தாள். நான்கு பாஸ்கள் மெஷினிலிருந்து நீளமாக வந்தன.

அந்த நேரம் பார்த்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெங்கடகிருஷ்ணன் சொன்னார்: "வருத்தப்படாதேம்மா. இது எங்களுக்காக உங்க அண்ணாவே போராடி வாங்கிக் கொடுத்த சட்டம். அவர் மட்டும் யோசனை சொல்லலேன்னா நாங்க எல்லாம் பதினஞ்சு குடுத்துண்டிருப்போம்!"

செண்பகவல்லி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிள்ளிப்பாலம் வளைவில் பஸ் திரும்பும்போது தாணுமாலையன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டிரைவர் கண்ணாடியில் பார்த்தாராம்.

வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் அவர் தங்கையைத் தேடி ஓடினார். அவள் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அஜிதா வந்து கெஞ்சியும் போகாமல், கரமனை ரோட்டோரம் தன் வழக்கமான இடத்தில் மூன்று செங்கல்லை அடுக்கி, பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிர் அக்ரஹாரத்து வாசல்களில், வந்த பெண்களுக்கெல்லாம் மோரும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடகிருஷ்ணனே ஒரு சொம்போடு நின்றார்.

"வீட்டுக்கு வா பிள்ளே."

"வெளியூர்க்காரி ரோட்டுல இருந்துக்கிடுதேன்."

"நான் உன்ன நெனச்சா சொன்னேன்? எவனோ சுத்திப்பாக்க வாறவனத்தான்..."

"அதாண்ணே வலிக்கு. என்ன நெனச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. நெனைக்கவே இல்ல." அவள் செங்கல்லை நகர்த்தி நகர்த்திச் சரி செய்துகொண்டே பேசினாள். "நாளைக்குக் கோயில்ல இருந்து தீ வரும். ஒருத்தி அடுப்புல இருந்து ஒருத்தி பத்தவைப்பா. இத்தன வருசத்துல, தீ குடுக்க முன்னாடி எந்த ஊருன்னு ஒருத்தி கேட்டதில்ல. அந்தா, மோர் குடுக்காரே, அவர் கேக்கல. எங்க ஊருல டவுன் பஸ்ஸுல பொம்பளைக்கு டிக்கெட்டே கிடையாது. அஜிதா மதினி வந்து ஏறினாலும் ஓசிதான். நீங்கதான் கேட்டீங்க. எங்கூடப் பொறந்தவங்க கேட்டீங்க."

அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைக் காலரால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். ஆனால் எழுந்து வரவில்லை. பொங்கல் முடிந்து, பூசாரி தெளித்த தீர்த்தம் பானையில் விழுந்ததும், நான்கு பேரும் தம்பானூருக்கு நடந்தே போனார்கள். போகும்போது அஜிதாவிடம் மட்டும் சொன்னாள்: "அடுத்த வருசம் நான் வரல மதினி. அம்மனுக்கு அங்கேயே எங்க வீட்டு முத்தத்துல வச்சுக்கிடுதேன்."

தாணுமாலையன் தினம் மூன்று தடவை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. ஒரு தடவை எடுத்து, "நல்லா இருக்கேன். வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவரால் நாற்பது என்ற எண்ணை அழுத்த முடியவில்லை. அழுத்தினார், ஆனால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று 'நான் வெளியே இருந்தா வாறேன்?' என்று கேட்டது. விசாரித்துப் பார்க்கத் தொடங்கினார். மகளின் பிரசவத்துக்கு வந்தவள். பூஜப்புரை ஜெயிலில் பிள்ளையைப் பார்க்க வந்தவர். வலியசாலையில் பிறந்து சென்னைக்குப் போய், அம்மாவின் திவசத்துக்கு வந்த மனிதர். 'எப்பவாவது வாற ஆளு' என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டாரே, அந்த ஆளுக்கு இத்தனை முகங்கள்!

வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முன்னால் வாசகசாலையில் மறுபடியும் கூட்டம் நடந்தது. அவர் முன்வரிசைக்குப் போய் நின்றார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. கார்டு உள்ளவங்க, இல்லாதவங்க, எல்லாருக்கும் பன்னிரண்டு ரூபா வையுங்க."

கைதட்டல் இல்லை. "அப்போ ஞங்ஙளுக்கு ரெண்டு ரூபா கூடுதலா?" என்று ஒரு குரல். "தங்கச்சிக்கு வேண்டியாக்கும்" என்று இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது.

"ஆமா" என்றார் தாணுமாலையன். "தங்கச்சிக்கு வேண்டித்தான். மத்தவனுக்கு வலிச்சப்போ எனக்குத் தெரியல, தங்கச்சிக்கு வலிச்சப்போ தெரிஞ்சுது. அது என் குறைதான். ஆனா தெரிஞ்சாச்சு. நித்தம் வாறவன் வண்டியத் தாங்குறான், சரி. எப்பவாவது வாறவன் ஏதோ ஒரு கஷ்டத்துக்கு, ஏதோ ஒரு பாசத்துக்கு வாறான். அவன்கிட்டப் போயி நாம நம்ம பங்கைப் பிடுங்கப்படாது."

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய், எட்டு மாசம் முன்னாடி உம்மைத் தூக்கி வச்சுக் கொண்டாடினேன். இப்போ என் பென்ஷன்ல மாசம் நூத்திருபது ரூபாய்க்கு வேட்டு வைக்கிறீர். இது நன்னா இருக்கா?" என்று கோபமாகவே உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்வதானால், அவர் கண்ணீருக்காக எதுவும் மாறவில்லை. நாற்பது கொடுக்க வேண்டியவர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஆட்டோவில் போக ஆரம்பித்திருந்தார்கள். பாஸ் வருமானம் பாதியாகிவிட்டிருந்தது. அதனால் பிரஜினுக்குப் பன்னிரண்டு பிடித்துப்போனது. ஆடி மாதத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே சீட்டு.

பழைய ஜனங்கள் தாணுமாலையனை மன்னிக்கவில்லை. "அண்ணா" போய்விட்டது. இரண்டு ரூபாய் நாணயத்தைத் தனியாக, டக்கென்று அவர் கையில் போடுவார்கள். வெங்கடகிருஷ்ணன் ஏறினால் அவரைப் பார்க்காமல் ஜன்னலிடம் பேசுவார். முப்பத்தைந்து வருஷம் சேர்த்த பிரியம் எட்டு மாதத்தில் கரைந்துபோனது. இதையெல்லாம் தங்கைக்கு அவர் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது?

தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, அஜிதா எடுத்துக்கொடுத்த சேலையோடு, அதிகாலை ரயிலில் வள்ளியூருக்குக் கிளம்பினார். இத்தனை வருஷமும் அவள்தான் வந்தாள். அவர் போனது கல்யாணத்துக்கும் மச்சான் சாவுக்கும்தான், இரண்டு தடவையும் வேனில். ஸ்டேஷனுக்கு வெளியே டவுன் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "எங்கே போகணும் சார்?" என்று கேட்டான்.

தாணுமாலையனுக்கு ஊர்ப் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. சார்ஜ் என்னவென்றும் தெரியவில்லை. எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எந்தப் பக்கம் வாசல், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாமா, சிரிப்பாரோ? நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி, இத்தனை வருஷமாகத் தன் முன்னால் திருதிருவென்று விழித்தவர்களைப்போலவே விழித்தார். கண்டக்டர் சலிப்போடு மீதியைக் கொடுத்தான். எல்லாரிடமும் வாங்கியதைத்தான் இவரிடமும் வாங்கியிருந்தான். அந்தச் சலிப்பைக்கூடத் தாணுமாலையன் கும்பிடத் தயாராக இருந்தார்.

செண்பகவல்லி முற்றத்தில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள்.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சேலையைத் தொடவில்லை.

"மாசியில பொங்கலுக்குக் கூப்பிட வந்தேன் பிள்ளே."

"முத்தத்துல வச்சுக்கிடுதேன்னு மதினிகிட்டச் சொன்னேனே."

"சொன்னா."

கொஞ்ச நேரம் காக்கையை விரட்டினாள். "இப்ப என்ன டிக்கெட்டு?"

"பன்னிரண்டு."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். கரமனைக்காரனுக்கும், கன்னியாகுமரிக்காரனுக்கும்."

"பத்து குடுத்தவங்க சும்மாவா இருந்தாங்க? ஏசலியா உங்கள?"

"ஏசுனாங்க. இப்பவும் ஏசுறாங்க. அக்ரஹாரத்துச் சாமி ஆறு மாசமா ஜன்னல் கம்பிகிட்டத்தான் பேசுறாரு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதோடு அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்காகவா அத்தன பேர்கிட்டயும் கெட்ட பேரு வாங்குனீங்க? கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

நரைத்த தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அண்ணனை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சேலையை எடுத்துப் பிரித்து, கரையைத் திருப்பிப் பார்த்து, "மதினி எடுத்ததா? நிறம் நல்லாத்தான் இருக்கு" என்று தோளில் போட்டுக்கொண்டாள். சுவர் ஓரம் போய் எட்டிப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள்.

"ஏ சரஸ்வதி! மாசியில திருவனந்தபுரத்துக்கு எத்தன பேருட்டி வாரீங்க? இப்பமே சொல்லுங்க, எங்க அண்ணன் வந்திருக்காரு!"